படம் ஒரு வழி, சத்தம் ஒரு வழி

செங்கம்மாவுக்குக் காது போனது இருபத்தாறாவது வயதில். எட்டு நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "மழை விட்டுடுச்சா?" என்று புருஷனைக் கேட்டாள். கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. கன்னையா வாசலைக் காட்டினார். அவள் வாசலைப் பார்த்தாள், பிறகு அவர் வாயைப் பார்த்தாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான், மனிதர்களின் வாயைப் பார்ப்பது.

யாரும் சொல்லித்தரவில்லை. அவர்கள் காலனி ஆந்திராப் பக்கம். பிச்சாட்டூர் சந்தையிலும் புத்தூர் பஸ் ஸ்டாண்டிலும் நின்று நின்று தானே கற்றுக்கொண்டாள். தெலுங்கு சீக்கிரம் வந்துவிட்டது. "தெலுங்குக்காரங்க எதைச் சொன்னாலும் கடைசியில வாயைத் தெறந்து வெச்சிடறாங்க. நாமதான் பாதிப் பேச்ச மூடின வாய்க்குள்ளயே முடிச்சிக்கறோம்" என்பாள். எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. உதடுதான் அவளுக்கு எழுத்து, புத்தகம், பேப்பர் எல்லாம்.

அப்போது மகன் பவன்குமாருக்கு மூன்று வயது. பின்னாலிருந்து கூப்பிட்டால் அம்மா திரும்பமாட்டாள் என்பது அவனுக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. மடியில் ஏறி, அவள் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பேசுவான். பசிக்கிறது என்று சொல்வதற்கும் தாடை, ஒண்ணுக்கு வருகிறது என்பதற்கும் தாடை. அப்படியே வளர்ந்தவன் என்பதால், அந்தக் காலனியில் அவனைப் போல வாயைத் திறந்து தெளிவாகப் பேசுகிற ஆள் வேறு கிடையாது. கத்தமாட்டான். முகத்தை வெளிச்சத்துக்குக் கொடுத்து, ஒவ்வொரு வார்த்தையாக வைப்பான்.

தொண்ணூறுகளில் சித்தூரைச் சுற்றி மாங்காய்க் கூழ் ஃபேக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்குப் போகிற கூழ். காலனிப் பெண்கள் சீசனுக்குச் சீசன் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். ஷெட்டிலேயே படுக்கை. மிஷின் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவள் தலைபோகிற சங்கதி சொன்னாலும் கேட்காது. அங்கே அத்தனை பேரும் செவிடு, செங்கம்மா ஒருத்திக்குத்தான் காது. பெல்ட்டுக்கு எதிரில் கண்ணாடி அறை. அதற்குள் சூப்பர்வைசர்கள்.

"செங்கம்மாக்கா, இன்னா பேசிக்கறாங்க உள்ள?" என்று பெண்கள் வாயை மட்டும் அசைப்பார்கள்.

"ஞாயித்துக்கெழம லீவு உடலாமா வேணாமான்னு பேசறாங்க. அந்த நரச்ச மண்டை இருக்குதே, அது உடலாங்குது."

"அய்ய, அவ்ளோ நல்லவரா?"

"நல்லவர் இல்லடி. நேத்துலேர்ந்து வயித்தால போவுதாம் அவருக்கு."

பெல்ட்டில் பழம் அதுபாட்டுக்குப் போகும், பெண்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கண்ணாடிக்குள் இருப்பவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

இப்படி வேண்டியது வேண்டாதது எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தவளுக்கு, வேண்டிய ஒரே வாய் தூரமாகப் போய்விட்டது. பவன்குமார் ஏசி வேலை கற்றுக்கொண்டு இரண்டாயிரத்து நாலில் குவைத் போனான். தெருவில் அவன்தான் முதல் ஆள், சுற்றியிருந்த ஊர்களில் அப்போது வீட்டுக்கு ஒருவர் குவைத்தில் இருந்தார்கள். அந்த வீடுகளில் போன் வந்தால் போதும். இந்த வீட்டில் போன் வந்தால் கன்னையா பேசுவார், அவள் கன்னையாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பையன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். ரூமில் கூட இருக்கும் கடப்பைக்காரரிடம் வீடியோ கேமரா இருந்தது. அதை ஜன்னல் பக்கம் வைத்து, எதிரில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசி, சிடியாகப் போட்டு, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். வீட்டில் இருபத்தொன்பது இஞ்ச் டிவி இருந்தது, கீழே ஒரு டிவிடி பிளேயர். பச்சை, நீலம், சிவப்பு என்று முழ நீள வயர் மூன்று இரண்டையும் இணைத்திருந்தது. செங்கம்மா எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு வார்த்தை விடாமல் வந்துவிடும். நடுநடுவே டிவிக்குப் பதில் வேறு சொல்வாள். "எண்ண தேய்ச்சிக் குளிடா, தல இன்னா இப்படிக் கெடக்குது" என்று.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது.

குவைத்திலிருந்து ராஜம்பேட்டைக்குத் திரும்பிய ஒருவர் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். ஹோம் தியேட்டர். கறுப்பாக, அகலமாக, முன்னால் பச்சை எண்கள் ஓடுகிற ஒரு ரிசீவர். ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஊஃபர் என்று ஒரு மரப்பெட்டி. தெருவே கூடிவிட்டது.

"காது கேக்காத அம்மாவுக்கு சவுண்டு பெட்டியா?" என்றாள் எதிர்வீட்டு மனோரமா. "நல்ல புள்ளக்கா. எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு சீப்பு வாங்கியனுப்பச் சொல்லு."

மனோரமாவின் புருஷன் பாலசுந்தரத்துக்குத் தலையில் நாலு முடிதான். கூட்டம் சிரித்தது. செங்கம்மாவும் சிரித்தாள்.

பெட்டி கொண்டுவந்தவர் போகும்போது திரும்பி வந்து அவள் எதிரில் நின்று, "பவன் ஒண்ணு சொல்லச் சொன்னாம்மா. சிடி ஓடறப்ப அந்த மரப்பெட்டி மேல கைய வெச்சிக்கணுமாம்" என்றார்.

வைத்தாள். பையன் வாயைத் திறந்தான், அவள் உள்ளங்கை அதிர்ந்தது. மூன்று வயசோடு அவள் காதில் நின்றுபோயிருந்த குரல், கீச்சுக் குரல். கையில் வந்தது அது இல்லை. கனமான, அடிவயிற்றிலிருந்து வருகிற ஆம்பிளைக் குரல். என் புள்ளைக்குக் குரல் உடைஞ்சிருக்குது, எனக்குத் தெரியாமலே உடைஞ்சிருக்குது என்று நினைத்துக்கொண்டு, சிடி முடியும்வரை கையை எடுக்கவேயில்லை.

ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் நடந்திருந்தது. பையனின் வாய் போய்விட்டிருந்தது.

வயர் மாட்டவந்த ஆள் டிவியிலிருந்த மூன்று வயரையும் பிடுங்கிவிட்டு, பிளேயரைப் பெட்டியோடு சேர்த்து எதிர்மூலையில் வைத்தான். அந்த மூலைதான் வேண்டும் என்று கன்னையா சொல்லிவிட்டார். சாமி படத்துக்குக் கீழே. பெட்டிக்குக் குங்குமம்கூட வைத்தார். "படம், சத்தம் எல்லாமே என் புள்ள வாங்கின பெட்டி வழியாத்தான் வரணும். இல்லாங்காட்டி அது இருந்து இன்னாத்துக்கு?" என்றார். ஆள் ஒற்றை மஞ்சள் வயரால் பிளேயரைப் பெட்டியில் செருகினான். பெட்டியிலிருந்து இன்னொரு மஞ்சள் வயர், மெல்லிசாக, சுவரோரமாக வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றி டிவிக்குப் போயிற்று.

பார்க்கிறவர்களுக்குப் படம் படமாகத்தான் இருந்தது. பையன் பையன் மாதிரிதான் இருந்தான். ஆனால் உதட்டின் சிவப்பு உதட்டுக்குள் நிற்கவில்லை, பல்லின் மேலும் மீசையின் மேலும் வழிந்திருந்தது. நாக்கு எங்கே தொடுகிறது என்று தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் முகத்தின் ஓரமெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரிப் புள்ளி புள்ளியாக ஊர்ந்தது.

"படம் மசமசன்னு இருக்குதுய்யா" என்றாள்.

"நல்லாத்தானே இருக்குது" என்றார் கன்னையா. கேட்கிறவருக்கு நல்லாத்தான் இருக்கும்.

அதிலிருந்து சிடி வந்தால் கன்னையா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு அவளுக்குச் சொல்வது என்று ஆயிற்று. முதலில் நீளமாகத்தான் சொன்னார். போகப்போகச் சுருங்கியது.

"நல்லா இருக்கானாம். வேளாவேளைக்குத் துன்றானாம். ஒன்ன ஒடம்பப் பாத்துக்கச் சொல்றான்."

"அரைமணி நேரமா வாய ஆட்டிக்கினு இருக்கான். நீ மூணு வார்த்த சொல்ற?"

"மீதியெல்லாம் அந்த ஊரு வெயிலப் பத்திமே."

வெயிலைப் பற்றி இல்லை என்று அவளுக்குத் தெரியும். கடைசியாக வந்த மூன்று சிடியிலும் பையன் முடிக்கும்போது ஒன்று செய்தான். பேசி நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு, கேமராவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து போய் அணைக்கவில்லை. எவ்வளவு மசமசப்பிலும் அந்த முகம் அவளுக்குத் தெரிந்தது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிற முகம்.

"என் புள்ள என்னய ஏதோ கேக்கறான்."

"ஒண்ணும் கேக்கலமே." அதைச் சொல்லும்போது கன்னையா வெற்றிலையைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். தலை குனிந்தால் வாய் தெரியாது. அவருக்கு அது தெரியாதா என்ன?

பொங்கல் முடிந்த வாரம் ஒருநாள் காலையில் செங்கம்மா, "திருப்பதி போய்ட்டு வரேன்" என்று கிளம்பினாள். திருப்பதிக்குப் போகிறவளை எதற்குப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அவள் மலைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவி கடைகள் இருக்கிற தெருவில் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஹோம் தியேட்டர் அடுக்கியிருந்த ஒரு கடையில் நுழைந்தாள்.

கடையில் மாட்டுகிறவர், ரிப்பேர் பார்க்கிறவர் எல்லாம் கோபிகிருஷ்ணன்தான். நாற்பது வயது இருக்கும். தடியான மீசை, மேலுதட்டை மூடி வாய்க்குள்ளேயே பாய்ந்திருந்தது. அவர் பேசினார், மீசைதான் அசைந்தது.

"நைனா, எனக்குக் காது கேக்காது. வாயப் பாத்துத்தான் புரிஞ்சிக்குவேன். அந்த மீசையக் கொஞ்சம் தூக்கிக்கினு பேசு."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். கோபிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. இரண்டு விரலால் மீசையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "செப்பண்டம்மா. சவுண்டு வரலையா?" என்றார்.

"சவுண்டு கை வரைக்கும் நல்லா வருது. வாய்தான் வரல."

அவர் ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டுக்கு ஹோம் தியேட்டர் மாட்டியிருக்கிறார். சுவர் அதிரவேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் வந்து சண்டை போடவேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. வாய் வரவேண்டும் என்று கேட்டுவந்த ஆள் இல்லை. முன்னே எந்தக் கலர் வயர், இப்போது எந்தக் கலர் என்று கேட்டார்.

"முன்ன மூணு. பச்ச, நீலம், செவப்பு. நேரா டிவிக்கு. இப்ப ஒத்த மஞ்சவயரு பெட்டிக்குப் போயி, அங்கேர்ந்து சுத்திக்கினு வருது."

"அதி சங்கதி, அதுதான் விஷயம்" என்றார் அவர். மீசையைப் பிடித்திருந்த விரலை எடுக்காமலே, "வியாழக்கெழமை புத்தூர்ல வேலை இருக்குதும்மா. அப்படியே வந்துடறேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை வந்து இறங்கியவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மேலுதடு முழுசாகத் தெரிகிற மாதிரி மீசையைக் கத்தரித்துவிட்டிருந்தார். அவள் பார்ப்பதைப் பார்த்து, "எங்க வீட்ல சிரிச்சாங்கம்மா, எவளுக்காகன்னு கேட்டாங்க" என்றார். ஒவ்வொரு வார்த்தையும் பளிச்சென்று இருந்தது.

கன்னையாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. நடுவில் வந்து நின்றார்.

"நல்லா இருக்கறத எதுக்குப் பிரிக்கற? படம் பெட்டிய உட்டுட்டு நேராப் போனா, பெட்டி இன்னாத்துக்கு?"

"பெட்டி சத்தத்துக்கு, சாமி. படத்துக்கு இதுக்குள்ள வேலையே இல்ல. சும்மா உள்ள பூந்து வெளிய வருது. இந்தப் பெட்டியில மூணு வயருக்கு எடமும் இல்ல." பிறகு அவர் செங்கம்மா பக்கம் திரும்பி, "பிளேயரு படத்த மூணாப் பிரிச்சித்தான் வெச்சிருக்குதும்மா. நீங்க ஃபேக்டரியில பழம் வேற, கொட்ட வேற, தோலு வேறன்னு பிரிச்சி மூணு பெல்ட்டுல உடறீங்க இல்ல, அந்தமாதிரி. அதயெல்லாம் மறுபடி ஒரே தொட்டியில கொட்டி, இந்த ஒத்த வயருல தள்ளி, அந்தப் பக்கம் போய்ப் பிரிச்சிக்கோன்னு டிவிகிட்ட சொன்னா?"

"கூழாத்தான் போவும்" என்றாள் செங்கம்மா.

"அதேதான். அதுலயும் செவப்புதான் மொதல்ல ஒழுகும்."

உதடு ஏன் வழிந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபிகிருஷ்ணன் பிளேயரைத் தூக்கி டிவிக்குக் கீழே வைத்தார். சுவரைச் சுற்றியிருந்த மஞ்சள் வயரை உருவிச் சுருட்டினார். பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம், சிவப்புக்குச் சிவப்பு, முழ நீளத்தில் நேராக டிவிக்கு. சத்தத்துக்கு மட்டும் தடியான இன்னொரு வயரை எதிர்மூலைப் பெட்டிக்கு இழுத்துவிட்டார். செங்கம்மா இதையெல்லாம் பாதிதான் பார்த்தாள். மீதிப் பார்வை கன்னையாவின் மேல் இருந்தது. நெல்லுக்கு நோய் விழுந்த வருஷம்கூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை.

கடைசியாக வந்த சிடியைப் போட்டார்கள். பவன்குமார் வந்தான்.

முதலில் பல்தான் தெரிந்தது. அப்புறம் கீழுதட்டில் வெடிப்பு, தாடையில் சவரம் செய்யும்போது பட்ட ஒரு கீறல். அவள் ஊஃபர் மேல் கை வைக்க மறந்துவிட்டாள்.

"அம்மா" என்றான். "மூணாவது தடவையா கேக்கறேன். நைனா சொன்னாரா இல்லையான்னு தெரியல. போன்ல கேட்டா, அம்மாகிட்ட சொல்லிட்டேன், யோசிக்கறான்னு சொல்றாரு. நான் வந்துடட்டுமாம்மா? இங்க ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வேலையும் பரவால்ல. ஆனா ரூம்ல எட்டுப் பேரு, ஒருத்தரும் மூஞ்சப் பாத்துப் பேசமாட்டாங்க. செவுத்தப் பாத்துப் பேசறாங்க, படுத்துக்கினு பேசறாங்க. நான் கிட்டப் போயி நேரா நின்னு பேசினா, இன்னாடா மொறைக்கறன்னு சண்டைக்கு வராங்க. முடியலம்மா. புத்தூர்லயே ஏசி வேலை செய்யலாம், இப்ப எல்லா எடத்துலயும் ஏசி போடறாங்க. நீ வேணான்னு சொன்னா இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடறேன், வருத்தமில்ல. முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள கம்பெனியில சொல்லணும். நீ சொல்றதுதான். நீயே சொல்லு."

நிறுத்தினான். வாயை மூடிக்கொண்டான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

முப்பத்தொன்றுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

கோபிகிருஷ்ணன் சுருட்டிய மஞ்சள் வயரை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார். பிறகு, வண்டியில் ஏதோ எடுக்கவேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

"மூணு சிடியா என் புள்ள என்னக் கேட்டுக்கினு இருக்கான்" என்றாள் செங்கம்மா.

கன்னையா தலையைக் குனிந்தார்.

"மூஞ்சக் காட்டிப் பேசுய்யா."

காட்டினார். "மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்மே. போவப்போவ சரியாயிடும்னு நெனச்சேன். நம்ம தெருவுல மொத மொதல்ல பிளேன் ஏறினவன் அவன். எங்க போனாலும், கன்னையா, பையன் எப்படி இருக்கான்னு கேக்கறாங்க. முன்னல்லாம் எவன் என்னய நிக்கவெச்சிப் பேசினான், சொல்லு. அவன் வந்துட்டா..." வாய் அசைந்து நின்றது. "ஒங்கிட்ட சொன்னா நீ வான்னு சொல்லிடுவ. அதுக்குத்தான் பயந்தேன்."

"நான் வான்னும் சொல்லியிருப்பேன், இருன்னும் சொல்லியிருப்பேன். உன்னய ஒண்ணும் கேக்கல அவன். என்னக் கேட்டான்."

அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே கொஞ்சம் வடிந்தது. யாரும் நிற்கவைத்துப் பேசாத ஆளாக முப்பது வருஷம் இந்த ஊரில் நடந்தவர். அந்த நடையை அவளும் கூடவே நடந்து பார்த்திருக்கிறாள். ஆனாலும் பையன் அவ்வளவு தூரத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தானே, அதற்கு என்ன செய்வது?

"போன் போடு" என்றாள்.

"இப்ப வேலையில இருப்பான்."

"போடுய்யா."

கன்னையா செல்போனை எடுத்து நம்பரை அழுத்தினார். கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தார். அவர் வாய் 'பவனு' என்றது, 'அம்மா பேசறாளாம்' என்றது. போனை அவளிடம் நீட்டினார்.

காதில் வைத்துப் பயனில்லை. கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"பவனு. நீ பேசாத, நான் சொல்றதக் கேளு. இப்பத்தான் ஒன் வாயப் பாத்தேன். அதுக்கு முன்ன படம் சரியில்ல, எனக்குத் தெரியலடா, தெரிஞ்சிருந்தா சொல்லமாட்டேனா? கையெழுத்துப் போடாத. வந்துடு. புத்தூர்ல வேல கெடைக்கலன்னா திருப்பதியில ஒருத்தரு இருக்காரு, நல்லவரு, கேக்கறேன். ஒங்க நைனா மேல கோவப்படாத, நான் பட்டுக்கறேன். வைகாசிக்கு முன்ன வா. சீசன் ஆரமிச்சா நான் சித்தூருக்குப் போயிடுவேன், வீட்ல இருக்கமாட்டேன். ஒதட்டுக்கு வெண்ண தடவு."

சொல்லி முடித்துப் போனைக் கன்னையாவிடம் கொடுத்தாள். எவ்வளவு சத்தமாகப் பேசினோம் என்று அவளுக்குத் தெரியாது. வாசலில் கோபிகிருஷ்ணன் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மனோரமா ஈரக்கையோடு ஓடிவந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள்.

"இன்னாக்கா, பவன் வரானா? தெருமொனை வரைக்கும் கேட்டுதே" என்றாள் மனோரமா.

செங்கம்மா கன்னையாவைக் காட்டினாள். அவர் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனை பேர் எதிரில் நின்று, "ஆமா, வரான்" என்றார்.

"இன்னா சொல்றான் இப்ப?" என்றாள் செங்கம்மா.

கன்னையா பழக்கத்தில் 'நல்லா இருக்கான்' என்றுதான் வாயெடுத்தார். 'நல்' என்பதோடு நின்றது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெயில் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நின்று, அவள் பக்கம் திரும்பினார்.

"அழுவறான்மே" என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "அம்மா கொரலு மாறிப்போயிருக்குதுன்னு சொல்றான்" என்றார். மறுபடியும் கேட்டார். கேட்கக் கேட்க, ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.